நனைந்த பார்சலும் ஆசிட் காயமும்: டெலிவரி வேலைக்குப் புதியவர்களுக்கு

கழிப்பறை கழுவும் ஆசிட், குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இப்போது வீடு தேடி வருகின்றன. சுமந்து செல்பவருக்குத்தான் உள்ளே இருப்பது தெரிவதில்லை.

படி 1: எடுக்கும் முன் பெட்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஈரக்கறையோ காட்டமான நெடியோ இருந்தால் தொடாதீர்கள். முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பாக ஒரு சாய்சதுரம். அதில் கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டும் படம். அரிக்கும் பொருளுக்கு உரிய அடையாளம் இதுவே. சிறு புட்டிகள் வரும் பெட்டியில் இது இல்லாமலும் போகலாம்.

படி 2: எடுத்த பிறகு கசிவு தெரிந்தால், அந்தப் பெட்டியை முதுகுப்பையில் வைக்கவே கூடாது. மற்ற பார்சல்களோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் திரவமும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை மேல்.

படி 3: மேலே பட்டுவிட்டதா? அலுவலகத்துக்குப் போன் செய்வது பிறகு, முதலில் தண்ணீர். தூளாக இருந்தால் மட்டும், உலர்ந்த துணியால் தட்டிவிட்டுக் கழுவுங்கள். நனைந்த சட்டை, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓடும் குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். அருகில் எந்த வீடு இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். வண்டியில் உள்ள பாட்டில் தண்ணீர் அதுவரை தாங்கத்தான். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். மற்றக் கண்ணுக்கு நீர் வழியக் கூடாது.

எரிச்சல் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். காஸ்டிக் சோடா தொடக்கத்தில் வழுவழுப்பாக மட்டும் இருக்கும். அதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். ஆசிட்டுக்குச் சமையல் சோடா, காஸ்டிக் சோடா போன்ற காரத்துக்கு எலுமிச்சை என்ற கைவைத்தியம் வேண்டாம். இரண்டும் சேரும்போது சூடு பிறந்து காயம் பெரிதாகும். பற்பசை, மை பூசும் யோசனை சொல்ல எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

படி 4: புட்டியின் லேபிளை யாரையாவது படம் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். சில துருநீக்கிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். வலி சில மணி நேரம் கழித்தே தொடங்கலாம். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தேவை. பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தேடுவார்.