ஒரு சூப்பர்ஹீரோ, பல நடிகர்கள்: நடிப்பை மட்டும் பிரித்து ஒப்பிடுவது எப்படி?

'சிறந்த பேட்மேன் யார்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், பதில் சொல்பவருக்கு எந்தப் படம் பிடித்தது என்பதுதான். திரைக்கதை, உடை, எடிட்டிங், இசை எல்லாம் சேர்ந்து செய்த வேலை கடைசியில் நடிகரின் வரவில் ஏறிவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்காமல் ஒப்பிட்டால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

இரண்டு அல்லது மூன்று நடிகர்கள் போதும். மைக்கேல் கீட்டன் (1989) முதல் ராபர்ட் பேட்டின்சன் (2022) வரை எல்லோரையும் இழுத்துப்போட்டால் ஆளுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். முடிந்தவரை முதல் படத்தோடு முதல் படத்தையே வையுங்கள். கிறிஸ்டியன் பேல் மூன்று படங்களில் பேட்மேனாக வளர்ந்தவர். ஜார்ஜ் க்ளூனிக்கு நாயகனாகக் கிடைத்தது 1997-இல் வந்த ஒரே படம்.

அடுத்தது காட்சித் தேர்வு. பெயர்பெற்ற காட்சிகளை எடுக்காதீர்கள். கதையில் ஒரே வேலையைச் செய்யும் காட்சிகளை எடுங்கள். ஸ்பைடர்மேனுக்கு வளர்த்தவரை இழக்கும் காட்சி நல்ல தேர்வு. டோபி மக்வயருக்கும் (2002) ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கும் (2012) அது பென் மாமாவின் மரணம். டாம் ஹாலண்டுக்கு (2021) மே அத்தையின் மரணம். ஆனால் மக்வயர் வந்து சேரும்போது பென்னுக்குப் பேச நேரமே இல்லை. ஹாலண்டுக்கோ நீண்ட உரையாடல் இருக்கிறது: அத்தை எழுந்து நிற்கிறார், பேசுகிறார், பிறகுதான் சரிகிறார். 'ஹாலண்ட் அதிகம் அழவைத்தார்' என்பதில் பாதி, திரைக்கதை கொடுத்த நேரம். ஆகவே முழுக்காட்சியை விட்டு, 'இனி இல்லை' என்று புரியும் அந்தச் சில நொடிகளை மட்டும் மூன்றிலும் வெட்டி எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை பார்க்க வேண்டும். முதலில் இயல்பாக. இரண்டாவது ஒலியை அணைத்து: கண், கழுத்து, தோள், கை என்ன செய்கின்றன? மூன்றாவது திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும்: மூச்சு எங்கே, இடைநிறுத்தம் எங்கே, அழுத்தம் எந்தச் சொல்லில்? இதற்கு மூலமொழி ஒலித்தடம் கட்டாயம். டப்பிங்கில் கேட்டால் குரல் நடிப்பு வேறொருவருடையது. அதைத் திரையில் தெரிபவரின் கணக்கில் சேர்க்க முடியாது. டிவியில் மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு இடையில் இல்லாத ஃபிரேம்களை அது புகுத்துவதால், சின்ன முக அசைவுகள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும்.

குறிப்பில் 'உருக்கமாக நடித்தார்' என்று எழுதினால் அது குறிப்பே இல்லை. 'பதில் சொல்லுமுன் கண்ணைத் தாழ்த்துகிறார், தோள் அசையவில்லை' என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

இனி உடையும் ஒப்பனையும். பலரும் சறுக்குவது இங்கேதான். கீட்டனின் முகமூடி கழுத்தோடு இறுகியது. தலையை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடு திரும்ப வேண்டும். அந்தச் சிலை போன்ற நிமிர்வு ரப்பரில் பிறந்தது. அதைத் தன் பாத்திரத்துக்கு அவர் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பதுதான் மதிப்பிட வேண்டியது. பேட்மேனின் எதிரியான ஜோக்கரிலும் இதே கதை. ஜாக் நிக்கல்சனின் (1989) சிரிப்பு முகத்தில் ஒட்டிய ஒப்பனையால் நிலைத்துவிட்டது, எனவே புருவத்தையும் குரலையும் கவனியுங்கள். வாக்கின் ஃபீனிக்ஸின் (2019) முகத்தில் வெறும் சாயம்தான். அங்கே வாயையும் கணக்கில் எடுக்கலாம்.

விருதைச் சான்றாகக் காட்ட வேண்டாம். ஹீத் லெட்ஜர் 2009-இலும் ஃபீனிக்ஸ் 2020-இலும் அதே ஜோக்கருக்கு ஆஸ்கர் வென்றார்கள். முதலாமவருக்கு அது மறைவுக்குப் பின் கிடைத்தது. ஒன்று துணை நடிகர் விருது, மற்றது முதன்மை நடிகர் விருது. இந்த வித்தியாசம்தான் பயனுள்ள தகவல். லெட்ஜரின் ஜோக்கருக்கு உறுதியான கடந்தகாலம் கிடையாது, தழும்புக்கே இரண்டு கதை சொல்கிறான். ஃபீனிக்ஸின் படம் முழுக்கவே அவன் கடந்தகாலம். இருவரையும் 'யார் ஆழம்' என்று கேட்பது நியாயமில்லை. சிரிப்பு எங்கே தொடங்குகிறது, அதை அடக்கப் பார்க்கிறானா, ஏவிவிடுகிறானா என்று கேட்கலாம்.

பேலின் பேட்மேன் குரல் 2008 படத்தில் ஒலிக்கலவையின்போது மாற்றப்பட்டது. பென் ஆஃப்லெக்கின் (2016) பேட்மேன் கதைப்படியே குரல்மாற்றிக் கருவியோடு பேசுகிறான். குரலின் கனத்தை ஒப்பிட வேண்டுமானால் முகமூடி இல்லாத ப்ரூஸ் வெய்னாக, அதாவது பேட்மேனின் நிஜ அடையாளத்தில், அவர்கள் வரும் காட்சிகளுக்குப் போங்கள். ஹல்க்கிலும் அப்படியே: எரிக் பானா (2003), எட்வர்ட் நார்டன் (2008), மார்க் ரஃபலோ (2012) மூவரிடமும் ஹல்க்காக மாறாத மனிதரான பேனரை மட்டும் ஒப்பிடுவது பாதுகாப்பு.

இரட்டை அடையாளத்துக்குக் கிறிஸ்டோபர் ரீவ் (1978) நல்ல அளவுகோல். சக நிருபர் லோயிஸின் வீட்டில், கிளார்க் என்ற சாதாரண நிருபராக இருப்பவர் கண்ணாடியைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திச் சூப்பர்மேனாகிறார். மனம் மாறி மறுபடி கூனிக் கிளார்க் ஆகிறார். எடிட்டிங் உதவியில்லை, எல்லாம் உடம்பில் நடக்கிறது. ஹென்றி கேவிலை (2013) இதனோடு வைக்க முடியாது. நிருபர் கிளார்க் அந்தப் படத்தின் கடைசியில்தான் வருகிறார். டேவிட் கோரன்ஸ்வெட்டின் (2025) பேட்டிக் காட்சியை வைக்கலாம், அதிலும் கிளார்க் சூப்பர்மேனாக மாறிப் பேசுகிறார். ஆனால் அந்த லோயிஸுக்கு ரகசியம் முன்பே தெரியும். மறைக்கத் தேவையில்லாதவரிடம் மறைக்கும் பதற்றத்தைத் தேடாதீர்கள்.

ஒரு முடிவுக்கு வந்தபின், அதே நடிகரின் வேறொரு காட்சியில் அது நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் அது நடிகரின் பாணி அல்ல, அந்தக் காட்சியின் தேவை. பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.