முதல் வேலையை விடுகிறீர்களா? கடிதம் முதல் கடைசிச் சம்பளம் வரை

சிங்கப்பூரில் வேலையை விட முதலாளியின் சம்மதம் தேவையில்லை. உங்கள் விலகலை அவர் மறுக்க முடியாது என்று மனிதவள அமைச்சு தெளிவாகவே சொல்கிறது. அப்பாவின் நண்பர் வாங்கிக் கொடுத்த வேலையாக இருந்தாலும், முதலாளியை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தாலும் இதுதான் நிலை. இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் மாதக்கணக்கில் மனத்துக்குள் புழுங்குகிறார்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள்

முன்னறிவிப்புக் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலையில் இருக்க வேண்டிய காலம், எவ்வளவு என்று பாருங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் குறைவாக இருக்கும். நிறுவனம் பணம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால், இத்தனை மாதம் வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பைப் பற்றி எதுவுமே இல்லையென்றால் வேலை நியமனச் சட்டத்தின் கணக்கு பொருந்தும்: 26 வாரங்களுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் 1 நாள், அதற்கு மேல் 2 ஆண்டுகளுக்குள் என்றால் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் 2 வாரம், அதற்கும் மேல் 4 வாரம்.

புதிய நிறுவனம் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தைத் தரும்வரை இங்கே வாய் திறக்க வேண்டாம். வாய்மொழி உறுதியை நம்பி இறங்காதீர்கள்.

பிறகு நேரில் சொல்லுங்கள், அன்றே எழுத்தில் கொடுங்கள்

மேலதிகாரியிடம் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். "அண்ணே, உங்களிடம்தான் வேலை பழகினேன். வேறு இடத்தில் சேரப் போகிறேன். ஏப்ரல் 2 எனக்குக் கடைசி நாள்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். பேச்சு பேரமாக மாறிவிடும்.

முன்னறிவிப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும். மின்னஞ்சல் நல்லது, தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"விற்பனை உதவியாளர் பணியிலிருந்து விலகுகிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பை இன்று, மார்ச் 3 அன்று, தருகிறேன். என் கடைசி வேலை நாள் ஏப்ரல் 2. அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன். இதுவரை கற்றுத் தந்ததற்கு நன்றி."

தேதிக் கணக்கைக் கவனித்தீர்களா? கடிதம் கொடுத்த நாளும் முன்னறிவிப்பில் சேரும். அதனால்தான் ஏப்ரல் 3 இல்லை, ஏப்ரல் 2. வார ஓய்வு நாள்களும் பொது விடுமுறைகளும் இதற்குள் அடக்கம். மனக்குறைகளைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அது கோப்பில் நிரந்தரமாக இருக்கும்.

முன்னறிவிப்புக் காலத்தில்

மீதமுள்ள ஆண்டு விடுப்பில்தான் பலர் குழம்புகிறார்கள். அதைக் கழித்துக் கடைசி நாளை முன்னே கொண்டுவந்தால் சம்பளமும் அந்த நாளோடு நின்றுவிடும். ஆனால் புதிய வேலையில் சீக்கிரம் சேரலாம். முன்னறிவிப்புக் காலத்துக்குள் வெறும் விடுப்பாக எடுத்தால் ஏப்ரல் 2 வரை சம்பளம் உண்டு. அதுவரை நீங்கள் இங்கேதான் ஊழியர். எதைக் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதி, ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், மீதி நாள்களுக்கான சம்பளத்தை நீங்கள்தான் நிறுவனத்துக்கு ஈடாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசிச் சம்பளம்

முன்னறிவிப்பை முழுமையாக முடித்தவருக்குக் கடைசி நாளிலேயே சம்பளம் தர வேண்டும். சிங்கப்பூரர்கள் மத்திய சேம நிதிக் கணக்கில் கடைசி மாதப் பங்களிப்பும் விழுந்ததா என்று பாருங்கள்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியில் இங்கே வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. வருமான வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி பணத்தை நிறுத்திவைப்பது சட்டப்படியான நடைமுறை. ஏமாற்றுகிறார் என்று பதற வேண்டாம். அதனால் கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கடிதம் கொடுங்கள். புதிய நிறுவனத்தின் பாஸுக்கு ஒப்புதல் வந்துவிட்டதா என்பதையும் அதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நியாயமாக வர வேண்டிய சம்பளம் வரவில்லையென்றால், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் (TADM) எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் முறையிடலாம். வேலையை விட்ட 6 மாதங்களுக்குள் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்தத்தையும் கடைசி நாளுக்கு முன்பே சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அலுவலகக் கணக்கு அன்று மாலையே மூடப்படலாம்.