மாடித் தோட்டத்தில் மிளகாய்க் கலப்பு: முண்டும் ஊதாவும், விதை முதல் விதை வரை

மிளகாயில் ஒரு புது ரகத்துக்கான முதல் அடியை எடுத்து வைக்க மொட்டை மாடியே போதும். கூர்முனை ட்வீசர் ஒன்று, கலர் நூல், நாலைந்து தொட்டி, ஒரு நோட்டு. இவ்வளவுதான் சாமான். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் நான் செய்துவரும் ஒரு கலப்பை அப்படியே எடுத்துச் சொல்கிறேன். தாய்ச்செடி ராமநாதபுரம் முண்டு. தந்தைச்செடி நர்சரிகளில் அழகுக்காக விற்கும் ஊதா மிளகாய்.

முண்டைத் தாயாக வைத்ததற்குக் காரணம் அதன் வாசம். கெட்டித் தோல், உருண்டைக் காய், தாளிக்கும்போது வீடெல்லாம் பரவும் மணம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. ஊதாவைத் தந்தையாக எடுத்ததற்கு இன்னும் முக்கியமான காரணம் இருக்கிறது: ஊதா நிறம் பிள்ளைச் செடியில் நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடும். கலப்பு நிஜமாகவே நடந்ததா, இல்லை செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிட்டதா என்று அறியப் புதிதாகச் செய்பவருக்கு வேறு எளிய வழி கிடையாது. ஆகவே முதல் கலப்புக்கு, தாயிடம் இல்லாத, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஏதாவது ஒன்றைக் கொண்ட தந்தையைத் தேடுங்கள்.

எதை எதோடு சேர்க்கலாம்

முண்டு, சம்பா, குண்டூர் மிளகாய், பஜ்ஜி மிளகாய், குடமிளகாய், ஊதா அலங்கார மிளகாய் ஆகியவை எல்லாம் காப்சிகம் ஆனுவம் என்ற ஒரே இனம். இவற்றுக்குள் சுலபமாகக் கலக்கலாம். காந்தாரி வேறு இனம். அசாம், நாகாலாந்துப் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா இன்னொரு இனம். 2007-இல், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி, உலகிலேயே காரமானது என்று கின்னஸ் பதிவில் ஏறிய மிளகாய் அது. இவற்றை முண்டோடு சேர்க்க முடியாது என்றில்லை. ஆனால் பூ நிறைய உதிரும், விதை குறைவாகப் பிடிக்கும், பிறக்கும் செடி சரியாகக் காய்க்காமலும் போகலாம். காரப் பைத்தியம் பிடித்தவர்கள் (நானும் ஒருத்தி) முதலிலேயே அங்கே போகத்தான் ஆசைப்படுவோம். ஒரே இனத்துக்குள் இரண்டு கலப்பாவது செய்து கை பழகிய பிறகு போங்கள்.

செடி வளர்ப்பு

ஆவணியில் விதை போடுங்கள். அப்படிப் போட்டால் கார்த்திகை, மார்கழியில் பூக்கும். கலப்புக்கு அந்தக் குளிர்ச்சிதான் வேண்டும். சித்திரை வெயிலில் மிளகாய் தன் சொந்தப் பூவையே தாங்காமல் உதிர்க்கும். நாம் ட்வீசரால் தொட்ட பூ எங்கே நிற்கப் போகிறது?

முண்டு விதைக்கு நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ வாங்கிய, அதிகம் பழசாகாத வற்றல் போதும். வெயிலில் காய்ந்த வற்றலின் விதை பெரும்பாலும் முளைத்துவிடும். பாக்கெட்டில் ‘ஹைபிரிட்’ என்று போட்டிருக்கும் விதையைத் தாயாகவோ தந்தையாகவோ எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே கலப்பு; அதன் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்து உங்களைக் குழப்பும்.

குழித்தட்டில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். 35 முதல் 40 நாள் நாற்றை, ஆறேழு இலை வந்ததும், 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், தொழு உரம், கோகோபீட் மூன்றையும் கலந்த மண் போதும். ஐப்பசி மழையில் தொட்டிக்கடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். இரண்டு செங்கல் வைத்துத் தொட்டியைத் தூக்கிவிடுங்கள்.

பூச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். இலை சிறுத்து மஞ்சளோடி, சுருண்டு நிற்கும் செடி வைரஸ் தாக்கியதாக இருக்கலாம். அதைப் பிடுங்கிவிடுங்கள், கலப்புக்கு எடுக்க வேண்டாம்.

நர்சரியில் வாங்கும் ஊதாச் செடியில் இருக்கும் காயைச் சாப்பிடாதீர்கள். அழகுச் செடி என்பதால் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது. மகரந்தம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் சாயங்காலம்: மொட்டைத் தயார் செய்தல்

மிளகாய்ப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாகவே இருக்கின்றன. நடுவில் பச்சையாக ஒரு குச்சி, அதன் நுனிதான் சூலகமுடி. அதைச் சுற்றி ஐந்தோ ஆறோ மகரந்தப் பைகள், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில். பூ விரிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பைகள் வெடித்துத் தன் மகரந்தத்தைத் தன் சூலகமுடியிலேயே கொட்டிவிடும். அதற்கு முன்னால் நாம் போக வேண்டும்.

முண்டுச் செடியில் நாளைக் காலை விரியப்போகும் மொட்டைத் தேடுங்கள். அரிசி அளவில் பச்சையாக இருப்பது பிஞ்சு மொட்டு, வேண்டாம். உப்பி, வெளுத்து, இதழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சரியான பருவம். இடது கை விரல்களுக்கிடையே காம்பை இறுக்காமல் பிடித்துக்கொண்டு, ட்வீசரால் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுங்கள். உள்ளே நீலப் பைகள் மூடியபடி நிற்கும். அவற்றை அடியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பறித்துவிடுங்கள். கடைசியில் காம்பின் மேல் பச்சை உருண்டையும் அதன் தலையில் மெல்லிய குச்சியும் மட்டும் நிற்கும். ஒரு பையாவது வெடித்து மாவு மாதிரித் தூள் தெரிந்தால் அந்த மொட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தரும் சிறிய ஆர்கன்சா வலைப்பை இருக்கிறதல்லவா, அதை மொட்டின் மேல் மாட்டிச் சுருக்குக் கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள். தேனீயும் எறும்பும் உங்களுக்கு முந்தாமல் இருக்க.

மறுநாள் காலை: மகரந்தம் வைத்தல்

ஏழிலிருந்து பத்து மணிக்குள் போங்கள். ஊதாச் செடியில் அன்று விரிந்த பூ ஒன்றைப் பறித்து, ஒரு கறுப்பு அட்டையின் மேல் லேசாகத் தட்டிப் பாருங்கள். வெளிர் நிறத் தூள் விழுந்தால் மகரந்தம் தயார். விழவில்லையென்றால் அரை மணி நேரம் பொறுத்து மறுபடி தட்டுங்கள். பிறகு அந்தப் பூவின் மகரந்தப் பை ஒன்றை ட்வீசரால் எடுத்து, முண்டின் சூலகமுடியில் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவுங்கள். நுனியில் தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வலைப்பையைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

காம்பில் சிவப்பு நூல் கட்டி, பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் ‘முண்டு × ஊதா’ என்று எழுதித் தேதி போடுங்கள். தாய் பெயர் முதலில், தந்தை பெயர் அடுத்து. பென்சில்தான். முதல் வருடம் மார்க்கர் பேனாவால் எழுதினேன். மழையும் வெயிலும் சேர்ந்து அத்தனை எழுத்தையும் வெளுத்துவிட்டன. எந்தக் காய் எதன் பிள்ளை என்று தெரியாமல் ஒரு வருட வேலையைக் குழம்பில்தான் போட்டேன்.

ஒரு பூவோடு நிறுத்தாதீர்கள். பத்துப் பூ செய்தால் மூன்று நின்றாலே எனக்குத் திருப்தி. ஐந்தாறு நாளில் காம்பு மஞ்சளாகி உதிர்ந்தால் பிடிக்கவில்லை. காம்பு தடித்து, பச்சை உருண்டை மிளகு அளவுக்குப் பெருத்தால் பிடித்துவிட்டது. அந்தக் கிளையில் இருக்கும் மற்றக் காய்களைக் கிள்ளிவிடுங்கள், சத்தெல்லாம் இதற்கே போகும்.

வலைப்பையைப் பழம் பறிக்கும்வரை கழற்ற வேண்டாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. கொண்டைக்குருவி ஒன்று வந்து, நான் ஐம்பது நாள் காத்திருந்த பழத்தை ஒரே காலையில் கொத்திக்கொண்டு போயிருக்கிறது.

பழமும் விதையும்

பூவைத் தொட்ட நாளிலிருந்து ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் பழுக்கும். என் முதல் கலப்புப் பழத்தை அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முண்டுதானடி இது, ஊதா எங்கே?” என்றார். சரியான கேள்வி. பழத்தின் தோலும் சதையும் தாய்ச்செடியின் உடம்பு. அதில் தந்தையின் சாயல் வராது. கலப்பு உள்ளே விதையில்தான் இருக்கிறது. குடமிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாயை நட்டால் குடமிளகாய் உறைக்கும் என்று சொல்வார்களே, அதுவும் இதே காரணத்தால் நடக்காது. அந்த விதையை எடுத்து விதைத்தால்தான் அடுத்த தலைமுறையில் காரம் தெரியும்.

நன்றாகச் சிவந்த பழத்தை அறுத்து விதையை எடுங்கள். கையுறை கட்டாயம். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது; அதைத்தான் விரலால் சுரண்டுகிறோம். எரிந்தால் தண்ணீரில் போகாது. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

முதல் தலைமுறை

அடுத்த ஆவணியில் பத்து விதை போடுங்கள். நாலு இலை வந்ததும் தட்டைக் குனிந்து பாருங்கள். தண்டிலும் இலை நரம்பிலும் ஊதா படர்ந்திருக்கும் நாற்று கலப்புப் பிள்ளை. பக்கத்தில் ஒரு சாதா முண்டு நாற்றையும் வைத்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் சாதா மிளகாயிலும் கணுவில் மட்டும் லேசாக ஊதா தெரியும். முழுப் பச்சையாக வந்தது நம் கை தவறியதால் வந்தது.

இந்தத் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஊதா, தந்தை அளவு கருக்காமல் நடுத்தரமாக இருக்கும். தந்தைச்செடியில் காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். ஆனால் பிள்ளைகளில் முண்டைப் போலத் தொங்கும். மேல்நோக்கிக் காய்ப்பது ஒடுங்கு பண்பு, அது மறைந்துகொண்டிருக்கிறது, தொலைந்துவிடவில்லை. இரண்டு மூன்று செடி வளர்த்தால் போதும். ஒரு கிளைக்கு வலைப்பை மாட்டித் தினமும் காலையில் மெல்ல ஆட்டிவிடுங்கள், தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அந்த விதைதான் பொக்கிஷம்.

இரண்டாம் தலைமுறையில் தொட்டிக் கணக்கு

எனக்கு வேண்டியது கரு ஊதாவாக, வானம் பார்த்துக் காய்க்கிற, முண்டு மாதிரி உருண்டையான மிளகாய். இரண்டாம் தலைமுறையில் எல்லாம் பிரியும். மேல்நோக்கிக் காய்ப்பது ஏறக்குறைய நாலில் ஒன்று. கரு ஊதாவும் ஏறக்குறைய நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்து வருவது பதினாறில் ஒன்று. அப்படி ஒரு செடியாவது கிடைக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல 47 செடி வளர்க்க வேண்டும். மொட்டை மாடியில் 47 தொட்டிக்கு எங்கே போவது?

இங்கேதான் ஊதா மறுபடி கைகொடுக்கிறது. அறுபது விதையைக் குழித்தட்டிலேயே போடுங்கள். நாற்றாக இருக்கும்போதே கரு ஊதாவாக இருக்கும் பதினைந்தை மட்டும் பொறுக்கித் தொட்டிக்கு மாற்றுங்கள், மற்றதை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பதினைந்தில் மூன்று நாலாவது மேல்நோக்கிக் காய்க்கும். உருண்டை வடிவத்தையும் வாசத்தையும் அந்த மூன்று நாலில் பார்க்க வேண்டியதுதான். வாசத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஒவ்வொரு செடியின் பழத்தையும் தனித்தனியாகக் காயவைத்து, ஒரே அளவு நல்லெண்ணெயில் ஒவ்வொன்றாகத் தாளித்து, முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி முகரக் கொடுத்தேன். இரண்டாம் எண் செடியைச் சரியாக “இதுதான் முண்டு” என்றார்.

தேர்ந்தெடுத்த செடியின் விதையை வலைப்பை போட்டே எடுத்து, வருடா வருடம் இதே மாதிரி பொறுக்கிக்கொண்டு வந்தால் ஆறு முதல் எட்டுத் தலைமுறையில் ரகம் நிலைக்கும். 2023-இல் கின்னஸ் பதிவில் ஏறிய, 26 லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டிய பெப்பர் எக்ஸ் மிளகாயை உருவாக்க அமெரிக்காவின் எட் கர்ரிக்கு ஏறக்குறையப் பத்து வருடம் ஆனது.

இரண்டாம் எண் செடியிலிருந்து போன மாசியில் எடுத்த விதை 38 இருக்கிறது. உறையில் பென்சிலால் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆவணி முதல் வாரம் குழித்தட்டில் போட வேண்டும்.