"விவரம் தெரியுமா?" என்று கேட்காதீர்கள்: ஓட்டு விழிப்புணர்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் ஈரோடு மாவட்டத்தில் கோபி, பெருந்துறை, மொடக்குறிச்சி பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் தொப்பியும் பதாகையுமாகக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வயதில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் அட்சரம் பிசகாமல் அடிப்பதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. துண்டறிக்கை தீர்ந்துபோவது, தெரு மாறிப் போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

"யாருக்காவது போடுங்க, போட்டாப் போதும்"

இந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். தேர்தல் ஆணையம் 2009-இல் வாக்காளர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அப்புறம் '100 சதவீத வாக்குப்பதிவு' என்ற வாசகம் இல்லாத சுவரே இல்லை. ஆனால் 'யாருக்காவது' என்று நீங்களே சொல்லிவிட்டால், யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கேட்கிறவருக்கு அது நன்றாகவே புரிகிறது. சென்னிமலையில் ஒரு நெசவாளர் குழித்தறியில் மிதியை நிறுத்தாமலே, "யாருக்காவதுன்னா, காசு குடுக்கறவனுக்கே போட்டுடறனுங்க" என்றார். சொன்னது தப்பென்று வாதாட எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஆளை எடைபோடுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்.

கீழ்பவானி வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கூட வந்த பையன் குறிப்பேட்டை விரித்து, "உங்க எம்.பி. யாருங்க ஆத்தா? எம்.எல்.ஏ.வுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஆரம்பித்தான். "அதெல்லாம் எனக்கென்ன தெரியுங் கண்ணு" என்றார். பையன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்: "தெரியாமப் போடறதுக்குப் போடாமயே இருந்துக்கலாமுங்க ஆத்தா."

அவர் கோபப்படவில்லை. "அது கெடக்கட்டும். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டா எங்க கெணத்துக்கு ஊத்து வருமா, அதச் சொல்லு சாமி."

பையன் முழித்தான். அந்த வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மண் கரையில் கசிகிற தண்ணீர்தான் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று. காங்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்பது ஒரு தரப்பு, கிணறு வற்றிப்போகும் என்பது மறுதரப்பு. விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நின்ற விவகாரம். வேட்பாளரை நிறுத்திக் கேட்க இதைவிடப் பெரிய கேள்வி அந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது? பையன் குறிப்பேட்டில் 'விவரம் இல்லாதவர்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

சரி, நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர் போடும் ஓட்டு, யோசித்துப் போட்டவரின் ஓட்டை அடித்துவிடாதா என்று கேட்பார்கள். அடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் தெரியாதவர்கள் ஒதுங்குங்கள் என்று சொன்னால் ஒதுங்குவது யார்? தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற யோக்கியர் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் வேதவாக்காக நம்புகிறவர் காலை ஏழு மணிக்கே வரிசையில் முதல் ஆளாக நிற்பார். 2021-இல் மொடக்குறிச்சியில் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டு. கூச்சப்பட்டு வீட்டோடு இருந்தவர்களைச் சேர்த்தால் இரண்டு ஊரிலேயே அத்தனை பேர் தேறக்கூடும்.

சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுரிமை கொடுப்பது இங்கே ஏற்கெனவே நடந்து பார்த்ததுதான், வெள்ளைக்காரர் ஆட்சியில். 1952 தேர்தலின்போது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காகத்தான் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டிமேல் சின்னத்தை ஒட்டினார்கள். பரீட்சை வைத்து யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

இதே ஆத்தா ஊராட்சித் தேர்தலில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை வாங்கினால் ஒரு நொடி தயங்கமாட்டார். யார் காலத்தில் குழாய் வந்தது, யார் தெருவில் மட்டும் விளக்கு எரிந்தது எல்லாம் அத்துப்படி. அவருக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றுதான்: வாய்க்கால் மாநில அரசின் நீர்வளத்துறை கையில் இருக்கிறது, ஆகவே அந்தக் கேள்வியை மனதில் வைத்துப் போட வேண்டியது எம்.எல்.ஏ. தேர்தல் ஓட்டு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. அதைச் சொல்லத்தானே போனோம்?

எல்லா வேட்பாளரையும் தெரிந்துகொண்டு போடச் சொல்வது

1996-இல் இதே மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்று காட்டத்தான் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆனது, தேர்தலும் தள்ளிப்போனது. அதே வருடம் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேரையும் அலசிப் பார்த்துப் போட எந்தப் பேராசிரியராலும் முடிந்திருக்காது.

ஜெயிக்க வாய்ப்புள்ள இரண்டு மூன்று பேரைத் தெரிந்தால் போதும். வேட்பாளர் மனுவோடு கொடுக்கிற படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும். போனில் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வியாக்கியானம் வேண்டாம்.

நோட்டா

முதல் பாடமாக இதை எடுக்காதீர்கள். சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.

கட்சிக்காரர் வீட்டில் டீ

குடிக்காதீர்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசி வாரத்தில் போவது

விவரமெல்லாம் தெரிந்தும் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. வேட்புமனுத் தாக்கல் முடிகிற நாளோடு பெயர் சேர்ப்பதும் முடிந்துவிடும். அதற்கும் முன்னாலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புதிதாக 18 நிரம்பியவருக்குப் படிவம் 6, பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்குக் குடிமாறியவருக்குப் படிவம் 8. அப்படிப் போனவர்களைப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே பிடித்து எழுதி வாங்கிவிடுங்கள். தேர்தல் அன்று வந்து நின்றால் கையை விரிக்கத்தான் முடியும்.