ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாய் வீலும் டயரும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நான் முதன்முதலில் வாங்கிய அலாய் வீல் ஐந்து போல்ட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வண்டி 90 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை. வீலின் நடு ஓட்டை, வண்டியின் ஹப்பைவிட, அதாவது வீல் போய் உட்காரும் நடுப்பாகத்தைவிட, சில மி.மீ. பெரிதாக இருந்திருக்கிறது. விற்றவர் அந்த அளவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

அதனால் வீலின் அழகைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் டயரின் அளவை முடிவு செய்யுங்கள். அந்த டயருக்கு ஏற்ற வீலை அப்புறம் தேடுங்கள்.

படி 1: இப்போது இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்17 91 டபிள்யூ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 225 என்பது டயரின் அகலம், மி.மீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், 17 என்பது வீலின் விட்டம் அங்குலத்தில். 91 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி தயாரித்தவர்கள் சொல்லும் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் டயரைவிட இந்த ஸ்டிக்கரையே நம்புங்கள். முந்தைய உரிமையாளர் டயரை மாற்றியிருக்கலாம்.

படி 2: மொத்த விட்டம் மாறக் கூடாது

மேலே சொன்ன டயரின் பக்கச்சுவர் 225-இல் 45 சதவீதம், அதாவது 101.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 202.5. வீலின் 17 அங்குலம் 431.8 மி.மீ. கூட்டினால் 634.3 மி.மீ. வருகிறது.

இப்போது 18 அங்குல வீல் போட ஆசை என்றால்:

225/40 ஆர்18: 637.2 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. தாராளமாகப் போடலாம்.
235/40 ஆர்18: 645.2 மி.மீ. 1.7 சதவீதம் கூடுதல். பரவாயில்லை.
225/45 ஆர்18: 659.7 மி.மீ. 4 சதவீதம் கூடுதல். இது வேண்டாம்.

3 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவான வரம்பு. நான் 2 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். டயர் 3 சதவீதம் பெரிதானால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் போகும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி என்றால் இன்னும் கண்டிப்பு தேவை. அதில் முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள விட்ட விகிதம் மாறினால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

படி 3: எடைக் குறியீட்டைப் பாருங்கள்

புதிதாக டயர் மாற்றுபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 225/40 ஆர்18 டயர் 88 என்ற குறியீட்டிலும் வருகிறது, 92 எக்ஸ்.எல். (எக்ஸ்ட்ரா லோடு, கூடுதல் எடை தாங்கும் வகை) என்றும் வருகிறது. 88 என்றால் 560 கிலோ. 92 என்றால் 630 கிலோ. பழைய டயர் 615 கிலோ தாங்கியது. அளவு சரியாக இருக்கிறதே என்று 88-ஐ வாங்கினால், ஒவ்வொரு சக்கரத்திலும் 55 கிலோ தாங்கும் திறன் குறைந்துவிடும். எக்ஸ்.எல். வகையையே கேளுங்கள். அதற்குக் காற்றழுத்தமும் சற்றுக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். வேகக் குறியீட்டையும் குறைக்காதீர்கள்.

படி 4: டயருக்கு ஏற்ற வீல் அகலம்

225/40 ஆர்18 டயரை 7.5 முதல் 9 அங்குலம் வரை அகலமுள்ள வீலில் மாட்டலாம். 235/40 ஆர்18-க்கு 8 முதல் 9.5 வரை. நடுவில் உள்ள அளவையே எடுங்கள். அகன்ற வீலில் குறுகிய டயரை இழுத்து மாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார்கள். அப்படி மாட்டினால் வீலின் விளிம்புக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. முதல் பள்ளத்திலேயே நெளியும்.

படி 5: போல்ட், நடு ஓட்டை, நட்டு

போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்தான் பி.சி.டி. முதல் எண் போல்ட்டுகளின் எண்ணிக்கை, அடுத்தது அந்த விட்டம் மி.மீட்டரில். டொயோட்டா ஜிஆர்86-க்கு 5×100, இப்போதைய மஸ்டா எம்எக்ஸ்-5-க்கு 4×100, போர்ஷே 911-க்கு 5×130. ஒரே நிறுவனம் என்பதால் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். பிஎம்டபிள்யூ பல காலம் 5×120 வைத்திருந்து, பிறகு 5×112-க்கு மாறியது. 5×112 வீலை 5×114.3 ஹப்பில் மாட்டிப் பார்த்தால் ஏறுவதுபோல் இருக்கும், ஆனால் முழுமையாகப் பதியாது. ஒருபோதும் செய்யாதீர்கள்.

நடு ஓட்டை ஹப்பைவிடச் சிறிதாக இருந்தால் வீல் ஏறாது. பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். ஹப் 56.1 மி.மீ., வீல் ஓட்டை 73.1 மி.மீ. என்றால் அதே இரண்டு அளவுகளைச் சொல்லி வளையம் வாங்குங்கள். என் நடுக்கம் அந்தச் சிறிய வளையத்தோடு நின்றது.

நட்டின் அடிப்பகுதி கூம்பு வடிவமா, உருண்டையா என்றும் பாருங்கள். வெளியில் விற்கும் வீல்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக்குச் செய்யப்பட்டவை. ஹோண்டாவின் அசல் நட்டுகள் உருண்டை. அவற்றையே கூம்பு இருக்கையில் முடுக்கினால் விளிம்பு மட்டும்தான் பிடிக்கும். ஓட ஓடத் தளரும்.

படி 6: ஆஃப்செட்

வீலின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு வரைந்தால், ஹப்பில் பதியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். வீலில் ஈ.டி. 48 என்று பொறித்திருப்பார்கள். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்.

பழைய வீல் 7.5 அங்குலம், ஈ.டி. 48. புதியது 8.5 அங்குலம், ஈ.டி. 40. அகலத்தைப் பாதியாக்கி, வெளிப்பக்கத்துக்கு ஆஃப்செட்டைக் கழியுங்கள், உட்பக்கத்துக்குக் கூட்டுங்கள்.

பழையது: பாதி 95.25. வெளியே 47.25, உள்ளே 143.25.
புதியது: பாதி 107.95. வெளியே 67.95, உள்ளே 147.95.

ஆக, வெளிப்பக்கம் 20.7 மி.மீ., உட்பக்கம் 4.7 மி.மீ. கூடுதலாக வருகிறது. இப்போது வண்டியின் அருகே உட்கார்ந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். உள்ளே சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது? வெளியே ஃபெண்டர் விளிம்புக்கு எவ்வளவு? ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து வைத்தும் அளக்க வேண்டும். புதிய டயர் பழையதைவிட அகலம் என்றால் அந்தக் கூடுதலில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருந்தால் இடம் இன்னும் குறையும்.

படி 7: பிரேக், பிறகு எடை

எந்த வீலுக்கும் குறைந்தபட்ச அளவை முடிவு செய்வது பிரேக் காலிபர், அதாவது பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம். பெரிய காலிபர் உள்ள வண்டியில் விட்டம் போதுமானதாக இருந்தாலும் வீலின் ஸ்போக் இடிக்கலாம். காலிபரின் முகத்தில் சிறிது களிமண் அப்பி, வீலை மாட்டி மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்கே நசுங்குகிறது, எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

பிரேக்குக்கு இடம் கொடுக்கும் அளவுகளில் மிகச் சிறியதை எடுங்கள் என்பது என் கருத்து. 17-இல் 101 மி.மீ. இருந்த பக்கச்சுவர், 19 அங்குலத்தில் 225/35 போட்டால் 79 மி.மீ.தான். பள்ளத்தின் அடியை வாங்கும் மெத்தை அதுதான். மேலும், பெரிய வீலில் எடை, வீலின் நடுவிலிருந்து தள்ளிப் போகிறது. சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். வீலை ஒரு கைத் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். வார்த்த வீலைவிட, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வீல் அதே வலிமைக்கு எடை குறைவு, விலை அதிகம். இரண்டுக்கும் நடுவில், வார்த்த பிறகு சுழற்றி அழுத்தி விளிம்பை உருவாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்தவை உண்டு. எனக்கு அவையே நியாயமான தேர்வு.

வீலின் பின்புறத்தில் அது தாங்கும் எடையும், ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. போன்ற தரக் குறிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரபலமான டிசைனின் நகல்கள் நிறைய விற்கிறார்கள். தாங்கும் எடை பொறிக்காத வீல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

படி 8: மாட்டும் நாள்

ஹப்பின் முகத்தில் துருவைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். நட்டுகளை முதலில் கையால் திருகுங்கள். 12 மி.மீ. போல்ட், மரைகளுக்கு நடுவே 1.5 மி.மீ. இடைவெளி என்றால், குறைந்தது 8 சுற்றாவது உள்ளே போக வேண்டும். பிறகு நட்சத்திர வரிசையில், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். காற்று கன்னால் மட்டும் முடுக்கிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பேலன்சிங், அலைன்மென்ட் முடிந்ததும் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, எங்காவது உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.