பிட்யூட்டரி கட்டி: ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘பிட்யூட்டரி அடினோமா’ என்று ஒரு வரி வந்தால் போதும், வீடே கலங்கிப்போகிறது. ‘மூளையில் கட்டியாம்’ என்ற பேச்சு சொந்தபந்தம் வரை போவதற்குள் சர்ஜனிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுகிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் எலும்புக் குழியில் அமர்ந்திருக்கும் பட்டாணி அளவு சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 10 மி.மீ.க்கும் சிறிய புள்ளி தற்செயலாகத் தென்படும். ஹார்மோன் சரியாக இருந்தால் அதைக் கண்காணித்து வந்தாலே போதும்.

ரத்தப் பரிசோதனை முடியாமல் ஆபரேஷன் தேதி குறிப்பதுதான் பெரிய தவறு. பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினைச் சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. கேபர்கோலின் மாத்திரையை 0.25 மி.கி. அளவில் வாரத்துக்கு இரண்டு முறை என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். பெரிய கட்டிகூடச் சுருங்கும்.

அதே புரோலாக்டின் எண் ஏமாற்றவும் செய்யும். 200-க்கு மேல் (ng/mL அளவில்) போனால் புரோலாக்டின் கட்டி என்ற சந்தேகம் வலுக்கிறது. 40, 60, 80 என்று வந்தால் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் போடும் அசிடிட்டி மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. புரோலாக்டினை ஏற்றிவிட அது ஒன்றே போதும். மனநல மருந்துகள் சிலவும் ஏற்றும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம், தைராய்டு குறைவு இரண்டையும் பார்த்தாக வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. கட்டி 4 செ.மீ., புரோலாக்டின் வெறும் 80 என்று ரிப்போர்ட் வந்தால், அளவு மிக அதிகமாக இருந்து கருவி திணறிப்போயிருக்கலாம். மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கும்படி லேபில் கேளுங்கள். அப்போதும் எண் ஏறாவிட்டால், சுரப்பியின் காம்பைக் கட்டி அழுத்துவதால் வந்த உயர்வாக இருக்கலாம். அந்த நிலையில் கேபர்கோலின் எண்ணை இறக்குமே தவிர, கட்டியைச் சுருக்குவது அரிது. முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுக்கும் முன்பே லேபில் அதைச் சொல்லிவிடுங்கள். பல ஹார்மோன் ரிப்போர்ட்டுகளை அது குழப்பிவிடும்.

உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோனான கார்டிசாலுக்குக் காலை 8 மணி ரத்தம்தான் வேண்டும். டிராஃபிக்கில் மாட்டி 11 மணிக்குக் கொடுத்த ரத்தத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. மூட்டு ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு என்று எந்த வழியில் ஸ்டீராய்டு உடம்புக்குள் போயிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தைராய்டுக்கு, அதை இயக்க பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது இங்கே பயன்படாது. கட்டளை கொடுக்கும் சுரப்பியே பழுதாகியிருக்கலாம், அதனால் டி.எஸ்.எச். நார்மலாகக் காட்டினாலும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 தரையில் கிடக்கலாம். கார்டிசால், தைராய்டு இரண்டும் குறைவு என்று தெரிந்தால் வரிசை தவறவே கூடாது: முதலில் கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன், அதன் பிறகுதான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உடம்பு மிச்சமிருக்கும் கார்டிசாலையும் வேகமாகத் தீர்த்துவிட்டு, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

மோதிரம் இறுகுகிறது, செருப்பு சைஸ் ஏறுகிறது என்றால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா என்று காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த வளர்ச்சி ஹார்மோன் எண்ணை நம்பக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து அது இறங்குகிறதா என்று பார்ப்பதே உறுதிப்படுத்தும் வழி.

கண்ணையும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப் பலகையின் நடுவை மட்டும் பாருங்கள். வலப்பக்க எழுத்துகள் மங்கியோ மறைந்தோ போகின்றனவா? அடுத்த கண்ணுக்கு இடப்பக்கம் அப்படி ஆகிறதா? கட்டி பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தினால், பெரும்பாலும் வெளிப்பக்கப் பார்வைதான் முதலில் குறையும். சுவரில் மாட்டிய சார்ட்டைக் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். தெரு கடக்கும்போது பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது. இதற்குக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை, பக்கவாட்டுப் பார்வையை அளக்கும் பெரிமெட்ரி பரிசோதனைதான் வேண்டும். வீட்டுச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

ஆக, ஒரு டாக்டரோடு முடிகிற வேலை இல்லை இது. ஹார்மோன் டாக்டர், நியூரோ சர்ஜன், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தும் ஈ.என்.டி. சர்ஜன், கண் டாக்டர், ரேடியாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே ஃபைலைப் பார்க்க வேண்டும். சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நியூரோ சர்ஜரியும் ஹார்மோன் பிரிவும் இருக்கின்றன, கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்ஜனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆண்டுக்கு எத்தனை பிட்யூட்டரி ஆபரேஷன் செய்கிறீர்கள்? கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வீடு திரும்பிய பிறகு நடக்கும் தவறுகள் வேறு. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டி, உப்புக் கரித்தால் அதைச் சளி என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியக்கூடும், மூளைக்காய்ச்சல் வரலாம். டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சியும் கூடாது. முதல் சில நாட்களில் சிறுநீர் குடம் குடமாகப் போய், தாகம் அடங்காமல் இருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆன சுமார் 5 முதல் 10 நாட்களுக்குள் நேர்மாறாக, ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் இறங்கலாம். தலைவலி, குமட்டல், மந்தம், குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். ‘ஆபரேஷன் ஆன உடம்பு, சூடு தணியட்டும்’ என்று இளநீரும் தண்ணீருமாகக் கொடுத்தால் சோடியம் இன்னும் சரியும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை டிஸ்சார்ஜின்போதே எழுதி வாங்குங்கள். ஏழாம் நாள் வாக்கில் சோடியம் பார்த்துவிடுங்கள், நன்றாக இருக்கிறோமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஹைட்ரோகார்டிசோன் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் முன்பே சொல்லிக் கொடுத்தபடி வழக்கமாக இரட்டிப்பு டோஸ். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் 100 மி.கி. ஊசி போட்டாக வேண்டும், பக்கத்து கிளினிக்கில் தயங்கினால் 108-ஐ அழையுங்கள். ‘எனக்கு ஸ்டீராய்டு கட்டாயம்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும். கட்டி இருப்பது தெரிந்தவருக்கு இடி விழுந்தாற்போலத் தலைவலி வந்து, பார்வை மங்கினாலோ இமை தொங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றிரவே, நியூரோ சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்குப் பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.யோடு போய்ச் சேருங்கள்.