கறுத்த கொலுசுக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் ஒரே மருந்து: அலுமினியத் தாளை வீட்டில் பயன்படுத்தும் முறைகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கத்தாலும் காற்று வரும், கடற்காற்று உப்பையும் சேர்த்தே கொண்டு வரும். புதிதாகப் பூட்டிய கதவுப் பிணைச்சல் ஒரு மாரி கழிய முன்னமே சிவந்துவிடும். சைக்கிள் ஹாண்டிலில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். அலுமாரிக்குள் பூட்டி வைத்த வெள்ளிக் கொலுசுகூடக் கறுத்துப்போகும், அதற்குக் காரணம் மட்டும் வேறு.

இப்படி எது வந்தாலும் நான் முதலில் திறப்பது குசினி லாச்சியை. அதற்குள் கிடக்கும் அலுமினியத் தாள், மீன் சுற்றிச் சுடுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்த காலம் எனக்கும் உண்டு. இப்போது அதில் பாதி, சமையலுக்கு வெளியேதான் செலவாகிறது. எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன். ஏன் அப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் எங்கே பாவிக்கக்கூடாது என்பதும் தெரியும்.

முதலில் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ‘சில்வர் பேப்பர்’ என்று கேட்டாலும் தருவார்கள். பேரில்தான் சில்வர், உள்ளே இருப்பது அலுமினியம். வீட்டுத் தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். எந்தப் பக்கத்தை உள்ளே வைப்பது என்று பலரும் கேட்பார்கள். எந்தப் பக்கமும் சரி. ஆலையில் கடைசித் தடவை உருளைக்குள் விடும்போது இரண்டு தாளை ஒன்றாகச் சேர்த்து விடுவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் மினுங்குகிறது, ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்குகிறது. வேறு வித்தியாசம் இல்லை.

கறுத்த வெள்ளியை வெளுக்க வைப்பது

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு வருகிறது என்றால், அதற்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் அலுமாரி திறபடும். கொலுசு, குங்குமச் சிமிழ், பிள்ளைகளின் அரைஞாண் எல்லாம் பாயில் பரவும். அம்மம்மா திருநீறு போட்டுத் துணியால் தேய்ப்பார். துணி கறுக்கும், கொலுசு வெளுக்கும். நல்ல முறைதான், ஆனால் ஒரு இழப்பு இருக்கிறது.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லை. காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் வெள்ளி சல்பைட்டு அது. தேய்த்து எடுக்கும்போது கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் துணியில் போய்விடுகிறது. வருடக்கணக்காகத் தேய்த்த பழைய கொலுசுகளில் பூவேலை மழுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியத் தாள் முறையில் தேய்ப்பே கிடையாது. அலுமினியம் கந்தகத்தை வெள்ளியிடமிருந்து பிரித்துவிடுகிறது. வெள்ளி, இருந்த இடத்திலேயே மறுபடி வெள்ளியாகத் தங்குகிறது.

தேவையானவை: கொஞ்சம் ஆழமான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், அதன் அடியையும் பக்கங்களையும் மூடும் அளவு தாள், 1 லீற்றர் கொதிநீர், 2 மேசைக்கரண்டி அப்பச்சோடா, 1 மேசைக்கரண்டி உப்பு.

1. பாத்திரத்துக்குள் தாளை விரியுங்கள். அங்கங்கே சுருங்கியிருந்தால் பரவாயில்லை.
2. நகைகளைத் தாளின் மேல் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றும் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை நான் விட்ட பிழை இதுதான்: கொலுசைக் குவியலாகப் போட்டேன், அடியில் இருந்தது வெளுத்தது, மேலே இருந்தது அப்படியே கிடந்தது.
3. அப்பச்சோடாவையும் உப்பையும் மேலே தூவுங்கள்.
4. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு எழும்பும். அதனால்தான் ஆழமான பாத்திரம் கேட்டேன். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள்.
5. 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். நடுவில் ஒரு கரண்டியால் புரட்டிவிடலாம். பிறகு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள்.

தண்ணீர் ஊற்றிய உடனேயே ஒரு மணம் வரும். அம்மம்மா முதல் நாள் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன மனே, கூழ்முட்டை மணக்குது?” என்று மூக்கைப் பொத்தினார். அந்த மணம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் வெளியேறுகிறது. கொஞ்ச நேரத்தில் கொலுசின் வளையங்கள் ஒவ்வொன்றாக மண்ணிறம் கலைந்து, வெளிறி, வெண்மையாகிவரும். மணிக்குள் இருந்த, எந்தத் துணியும் எட்டாத கறுப்புக்கூடப் போய்விட்டது. தாள் மட்டும் அங்கங்கே கறுத்துக் கிடந்தது. மிகவும் கறுத்த பொருளென்றால் புதுத் தாளும் புதுத் தண்ணீருமாக இன்னொரு தடவை செய்யுங்கள்.

முத்து வைத்தது, பசையால் கல் ஒட்டியது, அழகுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு உள்ளது, இவற்றை இதற்குள் போட வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கும் இந்த முறை சரிவராது. அதற்குப் பழப்புளிதான், அதில் அம்மம்மா சொல்வதே சரி.

சைக்கிள் துருவை எடுப்பது

கறுத்த அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். அலசிக் கசக்கி உருண்டையாக்கினால் அடுத்த வேலைக்கு அதுவே போதும்.

சைக்கிள் ஹாண்டிலும் றிம்மும் மினுங்குவது குரோம் பூச்சால். அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். உப்பும் ஈரமும் அதற்குள்ளால் இறங்கி, கீழே உள்ள இரும்பைத் துருவாக்கி, மேலே மண்ணிறப் புள்ளியாக வெளியே வரும். உரமான இரும்புத் தும்பால் தேய்த்தால் புள்ளி போகும், கூடவே குரோமில் கீறலும் விழும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துருவைச் சுரண்டும், குரோமை விட்டுவிடும்.

1. சைக்கிளை முதலில் ஈரத் துணியால் துடைத்து மணலை எடுங்கள். மணல் இருந்தால் அதுவே கீறிவிடும்.
2. தாள் உருண்டையைத் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். தடித்த துரு என்றால் தண்ணீருக்குப் பதில் வினாகிரி.
3. பலமாக அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். மண்ணிறச் சேறு போல ஒன்று கசியும். தாள் காய்ந்தால் திரும்பவும் தோய்த்துக்கொள்ளுங்கள்.
4. சேற்றைத் துடைத்துப் பாருங்கள். புள்ளி மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை.
5. வினாகிரி பாவித்திருந்தால் நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசிவிடுங்கள்.

ஐந்தாவது படியை விட்டால் முதல் நான்கும் வீண். எங்கள் பக்கத்துக் காற்றில் எண்ணெய் பூசாத குரோம் சில வாரங்களில் மறுபடி புள்ளி விடுகிறது. அப்பாவின் பழைய சைக்கிளில் நான் இதைச் செய்தபோது ஹாண்டில் முழுதாகத் திரும்பி வந்தது. பின் றிம்மில் குரோம் செதிலாக உரிந்துபோன இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன பூச்சைத் தாள் திருப்பித் தராது. பெயின்ற் அடித்த சட்டத்தில் தேய்க்காதீர்கள், கீறும்.

இன்னும் சில வேலைகள்

கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மடிக்கிறதா? தாளை ஆறேழு மடிப்பாக மடித்து, நீளமாக 10, 15 தடவை வெட்டுங்கள். ஓரத்தில் நிற்கும் நுண்ணிய பிசிறுகள் ஒழுங்காகி, வெட்டு இலகுவாகும். அலகு பொளிந்த கத்தரிக்கோலுக்கு இது போதாது, சாணை பிடிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர் அம்மம்மா. மாரி தொடங்கியதும் ரோச் லைற்றை எடுத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார். ஒரு நாள் பற்றரி புதிது, பல்ப் நல்லது, ஆனால் எரியவில்லை. சுருள்கம்பி தளர்ந்து பற்றரியைத் தொடாமல் நின்றது. நகத்தளவு தாளை நாலாக மடித்து, பற்றரியின் அடிக்கும் சுருள்கம்பிக்கும் நடுவே வைத்தேன். எரிந்தது. றிமோட்டுக்கும் இதே வைத்தியம்தான். தாள் அந்த ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பற்றரி சூடேறி ஆபத்தாகும்.

மாரியில் முறுக்குப் பை திறந்த அன்றே முறுக்கு ஈரமேறிப் பதமாகிவிடும். பையின் வாயை மடித்த தாளுக்குள் வைத்து, நடுத்தரச் சூட்டில் ஸ்திரிக்கைப்பெட்டியை மூன்று செக்கன் மேலே வைத்து எடுங்கள். சூடு ஆறும்வரை தாளைப் பிரிக்காதீர்கள். ஆறியபின் பிரித்தால் பை ஒட்டியிருக்கும். பைக்குப் பை பிளாஸ்ரிக் வேறு என்பதால் முதலில் வெறும் பையில் பழகிக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பெயின்ற் அடிக்கும்போது கைபிடியையும் பிணைச்சலையும் தாளால் பொத்திவிடலாம். அழுத்தினால் அந்த வடிவத்துக்கே படியும், ஒட்டுநாடா தேவையில்லை. அடிப்பிடித்த எவர்சில்வர் சட்டியைக் கசக்கிய தாளால் உரஞ்சலாம். ஒட்டாத பூச்சுள்ள தாச்சியில் மட்டும் வேண்டாம்.

செய்யவே கூடாதவை

பியூஸ் போனால் தாளைச் சுற்றிப் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் தானே உருகித் தொடர்பை அறுப்பதுதான் பியூஸின் வேலை. தாள் அந்த நேரத்தில் அறுந்து தராமல் போகலாம், பிறகு சுவருக்குள் வயர்தான் எரியும்.

மைக்ரோவேவ் அடுப்புக்குள் தாள் வேண்டாம், பொறி பறக்கும். காஸ் அடுப்பின் எரிவாயைச் சுற்றித் தாள் விரித்துக் காற்று போகும் துளைகளை அடைக்கவும் வேண்டாம்.

புளி விட்ட மீன் குழம்பையோ தேசிக்காய் பிழிந்த சம்பலையோ இரவு முழுக்கத் தாளால் மூடி வைக்காதீர்கள். குழம்பு தொட்ட இடத்தில் காலையில் ஊசிக்கண் போலத் துளைகள் இருக்கும். புளியும் உப்பும் கரைத்த அலுமினியம் குழம்புக்குள் இறங்கியிருக்கும். மூடியோ, ஒரு பீங்கான் கோப்பையோ போட்டு மூடுங்கள்.

சமையலுக்குப் பாவித்த தாளை நான் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொடியில் காயவிட்டு, நீவி மடித்து லாச்சியில் வேறாக வைக்கிறேன். திரும்பச் சாப்பாட்டுக்கு எடுப்பதில்லை. ரோச், கத்தரிக்கோல், துரு எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டுத்தான். வெள்ளிக்கு மட்டும் ஒவ்வொரு வைகாசியிலும் சுருளிலிருந்து புதிதாக ஒரு முழம் கிழிக்கிறேன்.